கண் திறக்காத குட்டிக்கு எண் இல்லை

லாரியின் முன்பக்கத்தில், எனக்கும் டிரைவருக்கும் நடுவில், ஒரு தேயிலைப் பெட்டிக்குள் செம்பி உட்கார்ந்திருந்தாள். பெட்டிக்கு மேல்மூடி இல்லை. உள்ளே இருந்த ஈயத்தாளை உரித்துவிட்டுப் பழைய சாக்கு விரித்திருந்தேன். மறையூர் இறக்கத்தில் வண்டி வளைந்தபோது அவள் மூக்கைத் தூக்கிக் காற்றை முகர்ந்தாள். பிறகு தாடையை என் முழங்கால் மீது வைத்துக்கொண்டாள். உடுமலைப்பேட்டை வரும்வரை எடுக்கவில்லை. வேட்டியில் அந்த இடம் மட்டும் ஈரமாகிவிட்டது.

டிரைவர் பொள்ளாச்சிக்காரர். செம்பியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"பொண்ணு மாப்பிள்ளை ஊட்டுக்குங்களா?"

"ஆமாங்க."

"ஏனுங்க, மலை மேல ஆம்பள நாயே இல்லீங்களா? இத்தன தூரம் கூட்டீட்டுப் போறீங்க?"

"இருக்குதுங்க. எல்லாம் பங்காளிங்க."

அவர் சிரித்த சிரிப்பில் வண்டி ஓரத்துக்குப் போய்த் திரும்பியது. நான் சிரிக்கவில்லை. எனக்கு அது வேடிக்கையாக இல்லாத காலம்.

மடியில் செம்பியின் தாடை. கைப்பையில் அவளுடைய வம்சாவளி. இரண்டுமே சரியாக இருக்கின்றன என்ற நிம்மதியில் நான் சமவெளிக்கு இறங்கிக்கொண்டிருந்தேன்.

செக்ரோல் புத்தகம்

இந்தத் தொடரில் மழையளவு நோட்டைப் பற்றி முன்பு எழுதியபோது, நாய்களுக்கும் ஒரு புத்தகம் வைத்திருந்தேன் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். மழையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நாயைப் பற்றி ஒன்பது பேர் கேட்டு எழுதினார்கள்.

பள்ளிவாசல் என்ற மலை ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நான் செக்ரோல் எழுதினேன். யார் வேலைக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்று தினமும் பெயருக்கு நேரே குறிக்கிற பெரிய பேரேடு அது. கிழிந்த அட்டைக்காக ஒதுக்கிவைத்த ஒன்றைக் கேட்டு வாங்கி வந்துதான் நாய்ப் புத்தகத்தைத் தொடங்கினேன். ஆள் பெயர் வரும் கட்டத்தில் நாயின் பெயர். அடுத்த கட்டங்களில் தாய், தகப்பன், பிறந்த மாதம், நிறம், அடையாளம், வளர்க்கும் வீடு.

எல்லா நாய்க்கும் அல்ல. கோம்பை நாய்க்கு மட்டும். செம்மண் நிறம், கரி பூசினாற்போல் மூஞ்சி, முதுகுத்தண்டின் நடுவே எதிர்ப்பக்கமாகப் படிந்த ஒரு மயிர்க்கோடு. போடிமெட்டு ஏறி வேலைக்கு வந்தவர்களுடன் அந்த நாய்களும் மலைக்கு வந்தன. பிறகு பங்களாக்களில் வளர்ந்த வெளிநாட்டு நாய்களோடு கலந்து, காது தொங்கி, மூஞ்சி வெளுத்து, எதுவென்று சொல்ல முடியாமல் போய்விட்டன. நான் கணக்கெடுத்தபோது எங்கள் மலையில் சந்தேகமில்லாத கோம்பை ஏழு இருந்தது.

ஏழும் ஒரே தலைமுதலிலிருந்து வந்தவை. தோட்டத்துக் காவலுக்கு இருந்த வாச்சர் இசக்கி வளர்த்த சுடலை என்ற நாய்தான் அந்தத் தலைமுதல். நான் மலைக்கு வருவதற்கு முந்தின வருஷமே சுடலை காணாமல் போயிருந்தது. சிறுத்தை அடித்துவிட்டது என்று இசக்கி சொன்னார். அப்படியே எழுதினேன்.

இன்னொரு வம்சம் என் தங்கை தங்கமணி வீட்டில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தென்னையும் நிலக்கடலையும் போட்ட தோட்டத்தில் இருந்தது. அங்கே தலைமுதல் ராசு என்ற நாய். நான் புத்தகம் தொடங்குவதற்கு முந்தின வருஷம் அதுவும் செத்துப்போயிருந்தது. உயிரோடு இருந்தபோது தங்கை வீட்டுக்குப் போகிறபோதெல்லாம் அதைப் பார்த்திருக்கிறேன். வண்டிக் கொட்டகையில் கட்டிக் கிடக்கும். அன்று எனக்கு நாய் என்றால் குலைக்கிற ஒன்று, அவ்வளவுதான். அதன் காலை நான் குனிந்து பார்த்ததில்லை.

மலை வம்சம் ஒன்று, சமவெளி வம்சம் ஒன்று. இரண்டையும் மாற்றி மாற்றிச் சேர்த்தால் ரத்தம் கலையாமலும் நெருங்காமலும் பல தலைமுறை ஓட்டலாம். புத்தகத்தின் ஆதாரம் இதுதான்.

எனக்கென்று சில விதிகள் வைத்திருந்தேன். மூன்று தலைமுறைக்குள் இரண்டு பக்கமும் ஒரே பெயர் வரக்கூடாது. எதை எழுதினாலும் சத்தமாக ஒருமுறை வாசித்துச் சரிபார்க்க வேண்டும். செக்ரோலில் சாயங்காலம் பெயர் கூப்பிடுவதிலிருந்து வந்த பழக்கம் அது. அடுத்தது, குட்டிக்குக் கண் திறந்த பிறகுதான் எண் தரவேண்டும். அதற்கு முன்னால் போய்விடுகிற குட்டிகளை எழுதினால் பக்கம் வீணாகும் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை வீடு

தங்கை புருஷன் வேலுச்சாமி சாலை வரைக்கும் வந்து நின்றிருந்தார்.

"வாங்க மச்சான்! பொண்ணூட்டுக்காரங்க வெறுங்கையோட வந்தா எப்படிங்க? சீரு எங்க?"

"சீரு பொட்டிக்குள்ள உக்காந்திருக்குதுங்க, மாப்ளே."

"அட, நெம்ப எளச்சிருக்குதே! மலையில சோறு போடறதில்லீங்களா?"

தங்கமணி வாசலில் நின்றே கேட்டாள். "அண்ணி வரலீங்களாண்ணா?"

"வரலை, அம்மணி. அவ நாய் விசயத்துல தலையிடறதில்ல."

தங்கமணி உள்ளே போய் மோர் கொண்டுவந்தாள்.

மணியனுக்கு எட்டு வயது. ராசுவின் கடைசி மகன். கிழவன்தான், ஆனாலும் மூஞ்சியில் கரி இன்னும் மங்கவில்லை. செம்பிக்கு ஏழு. எங்கள் மலையில் மிஞ்சியிருந்த கடைசிப் பெண் கோம்பை அவள். இந்தத் தடவை விட்டால் அடுத்த பருவத்துக்கு அவள் உடம்பு தாங்காது. மணியனோடு அவள் ஈன்றால் மலையில் வம்சம் உண்டு, இல்லாவிட்டால் சுடலையின் கோடு அவளோடு முடியும். மூன்று பேர் குட்டி கேட்டு வைத்திருந்தார்கள். மூன்று பேருக்கும் என் கையெழுத்தில் ஓர் அட்டை தருவதாகச் சொல்லியிருந்தேன். 'மூன்று தலைமுறையில் உறவு இல்லை' என்று அதில் எழுதி, கீழே பெயர்களை வரிசையாகப் போடுவது என் வழக்கம்.

அங்கே நான்கு நாள் இருந்தேன். செம்பியும் மணியனும் இரண்டு முறை சேர்ந்தன. நான்காம் நாள் பகலில், தென்னை நிழலில் கட்டிலைப் போட்டுப் புத்தகத்தை விரித்தேன். எழுதி முடித்து, வழக்கப்படி சத்தமாக வாசித்தேன். வேலுச்சாமி எதிரே உட்கார்ந்து கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். தங்கமணி சற்றுத் தள்ளிப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"செம்பி. தாய் கறுப்பி. கறுப்பியின் தகப்பன் சுடலை."

பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.

"அண்ணா. அந்தப் பேர இந்த வாசல்ல சொல்லாதீங்ணா."

"எந்தப் பேரு?"

அவள் எழுந்து வந்தாள். வாயைத் திறக்காமல், ஈர விரலை அந்தப் பெயரின் மேல் வைத்தாள். மை கலங்கியது. அந்தக் கறை புத்தகத்தில் இன்றைக்கும் இருக்கிறது.

வாசலில் சொல்லாத பெயர்

அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. வளர்ந்த நாய் ஒன்று வேறு வீட்டிலிருந்து வந்தால், வீட்டுப் பெண் அதை ஆட்டுக்கல்லைச் சுற்றி மூன்று முறை நடத்துவாள். தயிர்ச்சோற்று உருண்டையில் வாசல் மண் ஒரு சிட்டிகை வைத்து ஊட்டுவாள். காதில் புதுப் பெயரைச் சொல்லுவாள். அதற்குப் பிறகு பழைய பெயரை அந்த வாசலில் யாரும் உச்சரிக்கக்கூடாது. உச்சரித்தால் நாய் எழுந்து பழைய வீட்டுக்கே போய்விடும். செத்த நாயாக இருந்தாலும் சொல்ல மாட்டார்கள்.

இது எனக்குத் தெரியாததல்ல. அந்த மண்ணில் பிறந்தவன் நான். என் அம்மா ஆட்டுக்கல்லைச் சுற்றி நாயை நடத்தியதைப் பார்த்திருக்கிறேன். தெரிந்த வழக்கத்தை என் புத்தகத்தோடு சேர்த்து யோசிக்கவில்லை, அதுதான் பிழை.

வாசலைவிட்டு என்னை வரப்புக்கு அழைத்துப் போய்த் தங்கமணி சொன்னாள். பதினாலு வருஷத்துக்கு முன்னால் மலையிலிருந்து தேயிலை ஏற்றி வந்த லாரியில் ஒரு நாய் தானாக ஏறிப் படுத்திருந்தது. டிரைவர் மறையூர் தாண்டித்தான் பார்த்தார். பாரத்தோடு திரும்ப ஏற முடியாது. பொள்ளாச்சியில் வேலுச்சாமியைப் பார்த்து, வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். மோர் குடிக்கும்போது அதன் பெயரை அவளிடம் சொல்லியிருக்கிறார். பிறகு அவர் வேறு பாதைக்குப் போய்விட்டார், திரும்பி வரவேயில்லை.

"அடையாளம் ஏதாச்சும் இருந்துச்சா?"

"முன்னங்கால்ல, எடது பக்கம், ஒரு வெரலு இல்லீங்ணா."

"இத்தனை வருசமா ஏம்மா சொல்லல? புஸ்தகத்தை வெச்சுக்கிட்டு உங்கிட்டத்தானே எழுதுனேன்."

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "பேரு என்னன்னு கேட்டீங்க. ராசுன்னு சொன்னேன். அவம் பேரு ராசுதானுங்களே?"

அவள் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான் அது. செத்த நாய்க்கு அடையாளம் எதற்கு என்று, சுடலைக்கும் ராசுவுக்கும் அந்தக் கட்டத்தை நான்தான் காலியாக விட்டிருந்தேன். ஒரே நாயை இரண்டு நாயாக எழுதி, அதற்கு மேல் ஆறு வருஷம் கோடு போட்டிருக்கிறேன்.

கட்டிலுக்குத் திரும்பினோம். விஷயத்தைக் கேட்ட வேலுச்சாமி விரல்விட்டு எண்ணினார்.

"அப்ப கறுப்பிக்கும் மணியனுக்கும் அப்பன் ஒண்ணு. கறுப்பி மக செம்பி. மணியன் செம்பிக்குத் தாய்மாமனுங்க மச்சான்!" தொடையில் தட்டிச் சிரித்தார். "பங்காளி இல்லீங்க, மாமன்! நல்ல முறைதானே? இதுக்கா மூஞ்சி இப்படிப் போகுது? நீங்களே சொந்தத்துல கட்டுனவருதானுங்களே, மாமன் மகள..."

"சும்மா இருக்கறீங்களா," என்றாள் தங்கமணி. அவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். கையிலிருந்த கடலையைத் தின்னவும் இல்லை, கீழே போடவும் இல்லை.

டாக்டர் கேட்ட ஒரு கேள்வி

பாவாத்தாள் என் மாமன் மகள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆறு நாள் இருந்தது. மாதக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் பால் குடிக்கத் தெம்பில்லை. ஆஸ்பத்திரி டாக்டர் நல்ல மனிதர். "சொந்தத்திலா கட்டினீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் தலையை ஆட்டினார். அதுதான் காரணம் என்று அவர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

நாங்கள் மலை ஏறி வீட்டுக்கு வந்தோம். அதைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு மாதம் கழித்து ஆபீசிலிருந்து கிழிந்த அட்டைப் பேரேட்டைக் கேட்டு வாங்கினேன். பொழுது போகவில்லை, அதனால் நாய்களை எழுதுகிறேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். பாவாத்தாள் மட்டும் கேட்கவில்லை. மூன்று தலைமுறை என்று நான் கோடு கிழித்தபோது, அடுப்படியிலிருந்து ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் நாய்களைத் தொட்டதில்லை. சோறு வைப்பாள், தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

ஓடைப் பாதை

செம்பியோடு மலைக்குத் திரும்பியதும் இசக்கியைத் தேடிப் போனேன். காலை நேரம், மழை தூறிக்கொண்டிருந்தது. சாக்கைக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு பன்னிரண்டாம் நம்பர் காட்டின் ஓரத்தில் நின்றிருந்தார். தேயிலைப் பாத்தியைத்தான் நாங்கள் காடு என்போம்.

"வாங்க ரைட்டரய்யா. பிள்ளய மாப்ள வீட்ல விட்டுட்டு வந்தாப்ல மூஞ்சி வாடிக் கெடக்கு."

"இசக்கி, சுடலை உடம்பில் ஏதாவது அடையாளம் உண்டா?"

"ஆறு வருசமா எழுதுதிய, இப்பம் வந்து கேக்கியளே? இடது முன்னங்கால்ல ஒரு விரலு கெடையாதுல்லா. ஏலத்தோட்டத்துல பன்னிக்கு வச்ச கண்ணியில மாட்டிக்கிட்டாம். நாந்தான் மஞ்ச வச்சிக் கட்டுனேன்."

நான் சொன்னேன். லாரி, மறையூர், தங்கை வீடு, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர் கொங்காணியை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

"எத்தன வருசம் இருந்தாம்?"

"ஏழு வருஷம்."

"என்ன பேரு வச்சாவ?"

"ராசு."

"ராசு." சொல்லிப் பார்த்துக்கொண்டார். "எங்க பொதச்சாவ?"

"கிணற்றுமேட்டில், ஒரு தென்னைக்குக் கீழே."

"அந்தத் தென்ன காய்க்குதா?"

"நன்றாகக் காய்க்கிறது."

அவர் மழையைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் வந்ததை மழை என்று நான் வைத்துக்கொண்டேன்.

"களவாணிப்பய! இங்க நான் கஞ்சி ஊத்துனேன்னு, அங்க போயி ஏழு வருசம் தயிர்ச்சோறு தின்னுருக்காம் பாருங்க!"

சுடலை காணாமல் போன மறுநாள், ஓடைப் பக்கம் கொஞ்சம் ரத்தமும் மயிரும் இருந்ததைப் பார்த்துவிட்டு வந்தவர் இசக்கி. அதற்குப் பிறகு பதினாலு வருஷமாக அந்தப் பாதையில் அவர் நடந்ததில்லை. காவலுக்கு மேட்டைச் சுற்றி அரை மணி கூடுதலாக நடப்பார். காரணம் யாரும் கேட்டதில்லை. மறுநாள் காலையில் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஓடைப் பாதையில் வந்துகொண்டிருந்தார்.

இசக்கியிடம் சொல்லிவிட்டேனே தவிர, புத்தகத்தில் எழுதவில்லை. பேனாவை எடுப்பேன், மூடி வைத்துவிடுவேன். எழுதினால் இரண்டு வம்சம் ஒன்றாகிவிடும். முன்பே மூன்று ஈற்றுக்கு, மலை நாயையும் சமவெளி நாயையும் சேர்த்து, 'உறவு இல்லை' என்று அட்டை கொடுத்திருந்தேன். அவ்வளவும் பொய்யாகும். என் தங்கை வீட்டுக்கும் இசக்கிக்கும் தவிர யாருக்கும் தெரியாது. இப்படியே விட்டுவிடலாம் என்று சில நாள் நினைத்தேன். அதை இங்கே மறைக்க வேண்டியதில்லை.

ஐந்தாவது

மணியனோடு சேர்ந்ததிலிருந்து அறுபத்திரண்டாம் நாள், விடிகிற நேரத்தில், அடுப்படிக்குப் பின்னால் செம்பி ஐந்து குட்டி ஈன்றாள். ஆபீசின் தபால் தராசை முதல் நாளே இரவல் வாங்கி வைத்திருந்தேன். நான்கு குட்டிகள் முந்நூறு கிராமுக்கு முன்பின் இருந்தன. ஐந்தாவது நூற்றைம்பது. பெண். முதுகில் மயிர்க்கோடு மட்டும் மற்ற நான்கையும்விடத் தெளிவாக இருந்தது.

முதல் நாள் மற்றவை அதைத் தள்ளிவிட்டன. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் நான் ஆபீசிலிருந்து வந்தபோது குட்டி செம்பியிடம் இல்லை. தேயிலைப் பெட்டி அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளே துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டில், அதை ஒட்டிக் குட்டி. பாவாத்தாள் தரையில் உட்கார்ந்து, என் பேனாவுக்கு மை ஊற்றும் ஃபில்லரை வெந்நீரில் கொதிக்கவைத்து, அதில் ஆட்டுப்பாலை எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாள்.

"என் ஃபில்லர்," என்றேன்.

"மை இனி பாட்டில்ல இருந்தே தொட்டு எழுதுங்க."

தினமும் காலையில் தராசில் வைத்தேன். நூற்று அறுபது. நூற்று எழுபத்தைந்து. நூற்று எழுபது. எடையைக் கேட்காமலே அவள் என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். வேலை செய்யும்போதெல்லாம் அதனிடம் ஏதோ சன்னமாகப் பேசிக்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்காத அளவுக்குச் சன்னமாக.

எட்டாம் நாள் காலையில் பெட்டிக்குள் அசைவில்லை. பாட்டில் சூடாகத்தான் இருந்தது. அப்போதுதான் மாற்றியிருக்கிறாள். வீட்டுக்குப் பின்னால் முதல் வரிசைத் தேயிலைச் செடிக்கு அருகில் புதைத்தேன். இசக்கி வந்து குழி வெட்டிக் கொடுத்தார்.

பன்னிரண்டாம் நாள் மற்ற நான்குக்கும் கண் திறந்தது. பகலில் புத்தகத்தை எடுத்தேன். நாற்பத்து நான்கு, நாற்பத்தைந்து, நாற்பத்தாறு, நாற்பத்தேழு. எழுதிச் சத்தமாக வாசித்தேன். பாவாத்தாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சாவதுக்கு?"

"அதுக்கு நம்பர் கிடையாது."

"ஏனுங்க?"

"கண்ணு தொறக்கறதுக்கு முந்தியே போயிருச்சே. அதுதான் விதி."

முறம் நின்றது. "கண்ணு தொறக்கலீன்னா பொறக்கவே இல்லீங்களா?"

நான் பேனாவை மூடினேன்.

"அஞ்சு நாளு பால் குடுத்தனுங்களே," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "நம்ம புள்ள கண்ணு தொறந்துதானுங்க இருந்துது. என்னையப் பாத்துதானுங்க இருந்துது. அதையும் நீங்க எழுதல."

முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சிவப்பு மை

ஐந்தாவது குட்டிக்கு நாற்பத்தெட்டு என்று எண் போட்டேன். எடைகளை எழுதினேன். 'எட்டு நாள்' என்று எழுதினேன். பிறகு சிவப்பு மை பாட்டிலைத் திறந்து, சுடலையையும் ராசுவையும் ஒரே கட்டத்துக்குள் கொண்டுவந்தேன். அடையாளம் என்ற இடத்தில், 'இடது முன்னங்காலில் ஒரு விரல் இல்லை'. 'சிறுத்தை அடித்து இறந்தது' என்பதை அடித்தேன்.

அன்று அத்தோடு நிறுத்தவில்லை. என் பழைய டைரிகளை எல்லாம் இறக்கினேன். புத்தகத்தில் சேர்க்காத குட்டிகளை டைரியில் ஒரு வரியாகவாவது எழுதியிருந்தேன், 'இன்று ஒன்று போயிற்று' என்று. அவற்றையெல்லாம் அதனதன் தாயின் கீழே கொண்டுவந்து சிவப்பில் எழுதினேன். பதினொன்று வந்தது. எழுதி முடித்த பிறகுதான் பார்த்தேன். பதினொன்றில் ஒன்பது, நான் 'உறவு இல்லை' என்று அட்டை எழுதிய அந்த மூன்று ஈற்றுகளில் பிறந்தவை.

சுடலையும் ராசுவும் ஒன்று என்பதை என் தங்கை சொல்வதற்கு முன்பே அந்தக் குட்டிகள் சொல்லியிருக்கின்றன. எண் இல்லாததால் நான் கேட்கவில்லை.

குட்டி கேட்டிருந்த மூன்று பேருக்கும் முன்பு அட்டை வாங்கியவர்களுக்கும் கடிதம் எழுதினேன். என்ன தவறு, எப்படி நேர்ந்தது, இந்தக் குட்டிகளை எந்தெந்த வீட்டு நாயோடு சேர்க்கக்கூடாது என்று எழுதினேன். மூன்று பேரில் ஒருவர் குட்டி வேண்டாம் என்று பதில் போட்டார். ஒருவர் பதிலே போடாமல் வந்து வாங்கிப் போனார். மாட்டுப்பட்டியிலிருந்து வந்த மூன்றாமவர் குட்டியை மல்லாக்கப் போட்டு, என் கண்ணெதிரே நான்கு காலிலும் விரல்களை ஒவ்வொன்றாக எண்ணினார். "சரியா இருக்குல்லா?" என்று என்னிடம் கேட்டுவிட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். மிச்சம் இருந்த இரண்டில் ஒன்று இசக்கிக்கு. இன்னொன்றைக் கொடுப்பதாக இல்லை என்று பாவாத்தாள் சொல்லிவிட்டாள். பெட்டி காலியாகக் கூடாதாம்.

கடிதங்களை அனுப்பிய மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. குழந்தை பிறந்த வருஷத்து டைரியை எடுத்தேன். அந்த ஆறு பக்கங்களைத் திறந்தேன். ஆறு பக்கத்திலும் மழையளவு இருந்தது. முதல் நாள் இரண்டு அங்குலம். கடைசி நாள் மழை இல்லை. வேறு ஒரு வார்த்தை இல்லை.

டைரியையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். பாவாத்தாளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பிறந்த நேரம் எனக்கு நினைவிருந்தது. எடையை அவள் சொன்னாள். மூன்றாம் நாள் விக்கல் வந்ததையும், நான்காம் நாள் என் விரலைப் பிடித்ததையும் அவள் சொன்னாள். விரலைப் பிடித்தது எனக்கு நினைவில்லை. அவள் சொன்னபடி எழுதினேன். ஆறு நாளையும் எழுதி முடித்து, பெயர் என்ற இடத்துக்கு வந்தேன். நாங்கள் பெயர் வைக்கவில்லை. அதற்குள் போய்விட்டது.

"நீ ஏதாவது பேர் சொல்லிக் கூப்பிட்டயா?"

அவள் அடுப்பைக் கொஞ்ச நேரம் ஊதினாள். பிறகு சொன்னாள். ஐந்து நாள் அந்தப் பெட்டிக்குள் குனிந்து அவள் சன்னமாகச் சொல்லிக்கொண்டிருந்தது என்ன பெயர் என்பது அப்போது எனக்குத் தெரிந்தது. எழுதினேன். இந்த ஒரு தடவை சத்தமாக வாசிக்கவில்லை.

இந்த அத்தியாயத்தை அனுப்புவதற்கு முன்னால், அந்தப் பெயரையும் போடலாமா என்று நேற்று அவளிடம் கேட்டேன்.

"வேண்டாமுங்க," என்றாள். "அது ஊட்டுப் பேரு. ஊட்லயே இருக்கட்டும்."